நோட்டீஸ் அடிப்பதற்கு முன் வாடிக்கையாளரை எண்ணுங்கள்

"வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் நமது கடைக்காரர்களிடமிருந்து கிடைக்கும் பதில்கள் இரண்டுதான். நல்ல மாதமென்றால் "ஏதோ போகுது". மோசமான மாதமென்றால் "சனத்திட்ட காசில்ல". 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் இந்த இரண்டாவது பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இல்லாமலில்லை. அந்த வருடம் செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் அது 94.9 சதவீதம். பிறகு விலையேற்றத்தின் வேகம் தணிந்தாலும், ஏறிய விலைகளில் பெரும்பாலானவை பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை.

ஆனாலும் ஒரு விடயத்தை நாம் யோசிக்க வேண்டும். காசில்லாத சனமும் மூன்று வேளை சாப்பிடத்தான் செய்கிறது. அரிசி, சீனி, பருப்பு, சவர்க்காரம் எல்லாம் எங்கோ ஒரு கடையில் வாங்கப்படுகின்றன. அந்தக் கடை ஏன் நம்முடைய கடையாக இல்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சிறு கடைகளின் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பது பல வருடங்களாக எனது தொழில். பலசரக்கு, புடைவை, ஹார்ட்வெயார், சப்பாத்து எனப் பலவகைக் கடைகளின் புத்தகங்கள் எனது மேசைக்கு வந்து போகின்றன. அண்மைக்காலமாகக் கணக்குடன் சேர்ந்து ஒரு கேள்வியும் வருகிறது. "மார்க்கெட்டிங் செய்ய வேணும், என்ன செய்யலாம்?" கேட்பவரின் மனதில் இருப்பது அநேகமாக விளம்பரம். சந்தியில் ஒரு பெனர், வெள்ளிக்கிழமைகளில் பகிரும் ஒரு நோட்டீஸ், பேஸ்புக்கில் காசு கட்டிப் போடும் ஒரு படம்.

1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி தனது பாடநூலில் சந்தைப்படுத்தலைப் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என நான்காகப் பிரித்தார். இன்றும் வணிகம் படிக்கும் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். விளம்பரம் என்பது அந்த நான்காவதின் ஒரு துண்டு மாத்திரமே. முதல் மூன்றும் சரியில்லாத கடைக்கு விளம்பரம் செய்வது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் அள்ளுவது போன்றது. சொல்லப்போனால் அதைவிட மோசமானது. கடையின் குறைகளைப் பார்ப்பதற்கு நாமே காசு கொடுத்து ஆட்களை அழைத்து வருகிறோம்.

முப்பத்தொரு குடும்பங்கள்

மலைநாட்டில் ஒரு சிறு நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் என்னிடம் வந்தார். பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன். தகப்பன் தொடங்கிய கடை. ஊரில் சுப்பர் மார்க்கெட் திறந்து இரண்டு வருடங்களாகியிருந்தன. விற்பனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மாதம் 15 இலட்சம் ரூபாவுக்கு வந்திருந்தது. கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசி முயற்சியாக, பெனர், நோட்டீஸ், பேஸ்புக் விளம்பரம் எல்லாவற்றுக்குமாக ஒருவரிடம் 60,000 ரூபாவுக்கு விலை கேட்டு வைத்திருந்தார்.

நான் முதலில் அவருக்குக் காட்டியது ஒரு சின்னக் கணக்கு. அவரது கடையில் 100 ரூபாவுக்கு விற்றால் பொருளின் கொள்விலை போக மிஞ்சுவது 10 ரூபா. அப்படியானால் விளம்பரத்துக்குப் போடும் 60,000 ரூபா திரும்பி வருவதற்கே 6 இலட்சம் ரூபாவுக்குப் புதிதாக விற்க வேண்டும். அதாவது ஒரு மாத விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்கு. அதற்குப் பிறகுதான் இலாபம்.

"நானா, உங்கட நல்ல வாடிக்கையாளர் பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். தயங்காமல் சொன்னார். பிறகு கடன் கொப்பியைத் திறந்தோம். அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் அதில் இருந்தார்கள். காரணம் எளிது. கடன் எழுதும்போது பெயர் எழுதுகிறோம், அதனால் பெயர் மனதில் நிற்கிறது. மாதா மாதம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகிறவரின் பெயர் கடையில் எங்கும் எழுதப்படவில்லை. அவர் வராமல் விட்டால் அதுவும் தெரியப் போவதில்லை.

அடுத்த மூன்று இரவுகள் அவரும் மனைவியும் கடையில் வேலை செய்யும் தம்பியும் உட்கார்ந்து, கடையில் வழமையாகச் சாமான் வாங்கிய குடும்பங்களை ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். 140 குடும்பங்கள் தேறின. அவற்றில் கடந்த இரண்டு மாதங்களாகக் கண்ணில் படாதவை 31. ஒரு குடும்பம் மாதம் 9,000 ரூபாவுக்கு வாங்கியதென்று வைத்தாலும் 279,000 ரூபா விற்பனை போயிருக்கிறது. அந்தளவு விற்பனை கடையை விட்டு நடந்து போயிருந்தும் எவரும் அதைப் பார்க்கவில்லை.

அவர்களைத் தேடிப் போகச் சொன்னேன். "கடைக்கு வாங்க என்று கூப்பிட வேண்டாம். ஏன் வரவில்லை என்று கணக்கும் கேட்க வேண்டாம். கடையில் ஏதும் குறை இருந்ததா என்று மட்டும் கேளுங்கள்" என்றேன். சிலரை வீட்டுக்குப் போய்ச் சந்தித்தார். சிலருக்குத் தொலைபேசியில் பேசினார். 6 குடும்பங்கள் ஊரை விட்டுப் போயிருந்தன. 5 குடும்பங்கள் விலை குறைவென்று சுப்பர் மார்க்கெட்டுக்கு மாறியிருந்தன. 9 குடும்பங்கள் கடன் பாக்கி இருந்ததால் முகம் கொடுக்க வெட்கப்பட்டன. மிகுதி 11 குடும்பங்களும் சொன்னவை சின்னச் சின்ன மனக்குறைகள். மிச்சக் காசுக்கு டொபி கொடுத்தது, ஒரே பொருளுக்கு ஒரு நாள் ஒரு விலை சொன்னது, பகலில் வந்தபோது அறிவித்தல் எதுவுமில்லாமல் கடை பூட்டியிருந்தது.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையும் அந்தப் பதினொன்றில் ஒருவர். வருடக் கணக்காக ஓய்வூதியம் எடுத்த கையோடு 12,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கிப் போனவர். ஒரு முறை வாங்கிய பிஸ்கட் பெட்டி திகதி முடிந்ததாக இருந்திருக்கிறது. திருப்பிக் கொண்டுவந்தபோது முதலாளி கடையில் இல்லை. "விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டா" என்ற பலகையைத் தம்பி காட்டியிருக்கிறார். அவர் சண்டை பிடிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை. 400 ரூபா பெட்டி ஒன்றுக்காக வருடமொன்றுக்கு 144,000 ரூபா விற்பனை போய்விட்டது. அந்த விடயம் முதலாளியின் காதுக்கு வந்ததே நாங்கள் தேடிப் போன பின்னர்தான்.

சுப்பர் மார்க்கெட் வந்ததால் வியாபாரம் விழுந்தது என்பதே அவரது நம்பிக்கையாக இருந்தது. விலைக்காக அங்கே போனவர்கள் 31 பேரில் 5 பேர் என்பதைக் கொப்பி காட்டியது.

கடன் துரத்தும் வாடிக்கையாளர்

கடன் அன்பை முறிக்கும் என்று எழுதிய பலகையைப் பல கடைகளில் பார்த்திருக்கிறோம். எழுதியவர் எச்சரிக்கையாகத்தான் எழுதினார். அதன் வியாபார அர்த்தத்தை நாம் முழுதாக உணர்வதில்லை. 10,000 ரூபா பாக்கி வராமல் போனால், 10 சதவீத இலாபம் உள்ள கடைக்கு அதை ஈடுசெய்ய ஒரு இலட்சம் ரூபாவுக்கு விற்க வேண்டும். அது முதலாவது நட்டம். கடன்பட்டவர் எதிர்ப்பக்கத்தால் நடந்து போய் அடுத்த கடையில் காசு கொடுத்து வாங்குகிறார். அது இரண்டாவது நட்டம். முதலாவதை எழுதி வைக்கிறோம். இரண்டாவது எந்தக் கொப்பியிலும் இல்லை.

கடனை முற்றாக நிறுத்துவது எல்லா ஊர்களிலும் நடக்கக்கூடியதல்ல. வேளாண்மை செய்யும் பிரதேசங்களில் அறுவடை வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உச்ச அளவும் ஒரு திகதியும் வைக்கலாம். கொப்பியில் எழுதுவதை வாடிக்கையாளரின் கையிலும் ஒரு பிரதியாகக் கொடுக்கலாம். பழைய பாக்கியை மாதம் 1,000, 2,000 என்று பிரித்துக் கட்டச் சொல்லி, "அது ஒரு பக்கம் இருக்கட்டும், இன்றைய சாமானைக் காசுக்கு எடுத்துக்கொண்டு போங்க" என்று சொல்லும் கடைக்காரர், கடனையும் மீட்கிறார், வாடிக்கையாளரையும் மீட்கிறார்.

விலைக்கழிவு கொடுக்கும் முன்

விற்பனை குறைந்தவுடன் பலரும் செய்வது மலிவு விற்பனை. இதிலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 90 ரூபாவுக்கு வாங்கி 100 ரூபாவுக்கு விற்கும் பொருளுக்கு 5 சதவீதக் கழிவு கொடுத்தால் விலை 95 ரூபா. இலாபம் 10 ரூபாவிலிருந்து 5 ரூபாவாகிறது. "ஐந்து வீதம்தானே" என்று நாம் நினைத்தாலும் போனது இலாபத்தில் பாதி. முன்பு 100 பெட்டி விற்று எடுத்த இலாபத்தை எடுக்க இப்போது 200 பெட்டி விற்க வேண்டும். கடைக்கு வரும் ஆட்கள் இரட்டிப்பாவார்களா?

பெரிய கடைகள் எல்லாப் பொருளையும் மலிவாக விற்பதில்லை. சனத்துக்கு விலை மனப்பாடமாக இருப்பது சில பொருட்களுக்குத்தான். சீனி, பருப்பு, அரிசி, முட்டை, பால்மா, தேங்காயெண்ணெய் போன்றவை. இவற்றின் விலையை வைத்துத்தான் "அந்தக் கடை மலிவு, இந்தக் கடை விலை" என்று வீடுகளில் தீர்ப்பு எழுதப்படுகிறது. கறுவாப்பட்டைக்கும் பல்துலக்கும் தூரிகைக்கும் எவரும் விலை ஞாபகம் வைத்திருப்பதில்லை. ஆகவே கடை முழுவதற்கும் கழிவு கொடுப்பதை விட்டு, இப்படியான எட்டு அல்லது பத்துப் பொருட்களின் விலையை வாரத்துக்கொரு முறை சுப்பர் மார்க்கெட்டின் விலையுடன் ஒப்பிட்டு, இயன்றவரை அதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் நியாயமான இலாபம் எடுங்கள்.

விலை கேட்க வெட்கப்படுகிறவர்கள்

1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற பெயரில் ஒரு கடை திறந்தார். அதுவரை அங்கும் நமது பலசரக்குக் கடைகள் போலத்தான். சாமான் மேசைக்குப் பின்னால் இருக்கும், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். சோண்டர்ஸ் வாடிக்கையாளரையே உள்ளே விட்டு, விலை எழுதிய சாமான்களைக் கூடையில் எடுத்துக்கொள்ள வைத்தார். இலங்கையில் கார்கில்ஸ் நிறுவனம் தனது முதலாவது சுப்பர் மார்க்கெட்டை 1983இல் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் திறந்தது.

குளிரூட்டியும் பளபளப்பும் பார்த்துத்தான் சனம் அங்கே போகிறது என்று நாம் நினைக்கிறோம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே விலையைக் கேட்க வேண்டியதில்லை. கையில் 700 ரூபா மட்டும் உள்ள ஒரு தாய், பத்துப் பேர் நிற்கும் கடையில் ஒவ்வொரு பொருளாக விலை கேட்டு "அப்ப அது வேணாம்" என்று சொல்லக் கூச்சப்படுகிறாள். விலை எழுதியிருந்தால் அவள் மனதுக்குள்ளேயே கூட்டிப் பார்த்து வாங்கிவிடுவாள். காசு தட்டுப்பாடான காலத்தில் இந்தக் கூச்சம் கூடுகிறது.

விலையைக் காட்சிப்படுத்துவது நமது விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமும் அல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி விலைகளைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்று சொல்கிறது. பொருளை வைத்துக்கொண்டு இல்லையென்று மறுப்பதையும் அது தடை செய்கிறது. இவற்றைச் சோதனைக்கு வரும் அதிகாரிக்காகச் செய்தால் அது செலவு. வாடிக்கையாளருக்காகச் செய்தால் அதுவே விளம்பரம். 2021, 2022 காலத்தில் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இருந்த சில பக்கற்றுகளை வழமையான குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாகப் பகிர்ந்த கடைகளையும், "வேறு சாமான் வாங்கினால்தான் தருவேன்" என்ற கடைகளையும் சனம் இன்னும் மறக்கவில்லை.

வாடிக்கையாளரின் பாஷையில்

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும்படி பிரசாரம் நடந்தது. மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகள் தாக்கப்பட்டன. அந்தக் காலத்தில் விற்பனை பாதியாக விழுந்த புத்தகங்களைப் பார்த்தவன் நான். எந்தச் சந்தைப்படுத்தலும் அப்படியான அநியாயத்தைத் தடுத்திருக்காது. ஆனால் பிறகு யார் திரும்பி வந்தார்கள் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எனது வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார்: "எனக்குப் பெயர் தெரிஞ்ச பாஸ்மார் எல்லாரும் மூணு மாதத்துக்குள்ள வந்துட்டாங்க. முகம் மட்டும் தெரிஞ்ச ஆட்கள்தான் வரல்ல."

பெயர் தெரிந்திருப்பது, அவரது பாஷையில் பேசுவது, பில்லை அவருக்கு விளங்கும் பாஷையில் எழுதுவது எல்லாம் செலவில்லாத காரியங்கள். பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தால் போதாது. ஜும்ஆவுக்காகக் கடை பூட்டும் நேரத்தில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சின்ன அட்டை தொங்கவிடுங்கள். தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனால், அடுத்த வெள்ளி மட்டுமல்ல, அடுத்த செவ்வாயும் வரமாட்டார்.

கையிலுள்ள தொலைபேசி

இத்தனைக்கும் பிறகு விளம்பரத்துக்கு வருவோம். வட்ஸ்அப் நிறுவனம் 2018இல் வியாபாரிகளுக்கெனத் தனியான செயலியை வெளியிட்டது. சாதாரண பாவனைக்கு அது இலவசம். கடை திறக்கும் நேரம், இடம், பொருட்களின் படமும் விலையும் அதில் போட்டு வைக்கலாம். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் பட்டியலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்களது இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே "எங்கட நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளுங்க, சாமான் லிஸ்டை அனுப்பினா கட்டி வைப்போம்" என்று கடைக்கு வருபவரிடம் நேரில் சொல்வதே முதல் வேலை.

தினமும் பூக்களும் காலை வணக்கமும் அனுப்பினால் தடை செய்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு செய்தி போதும். அதில் புதிதாக வந்த பொருளும் விலையும் இருக்கட்டும். வாடிக்கையாளரின் இலக்கங்களை இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் ஒரு சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்பிக் கொடுத்த இலக்கம் அது.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்பு வரும் செய்தியும் மாத நடுவில் வரும் செய்தியும் ஒன்றல்ல. புடைவை வியாபாரிகள் நாட்காட்டியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்து, பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. 2024இல் அது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சித்திரைப் புத்தாண்டுடன் ஒட்டி வந்ததால், ஒரே கொள்வனவில் இரண்டு பருவத்தையும் பார்க்க முடிந்தது. பிறகு வரும் வருடங்களில் இரண்டும் விலகிப் போகின்றன. போன பெருநாளைப் போலவே இந்தப் பெருநாளுக்கும் கடனுக்குச் சரக்கு ஏற்றினால், புத்தாண்டு வரை அதைச் சுமக்க வேண்டி வரும்.

கொப்பி காட்டும் கணக்கு

மேலே சொன்ன பலசரக்குக் கடையில் திருப்பி எடுக்கப்படமாட்டா என்ற பலகை கழற்றப்பட்டது. விலைகள் எழுதப்பட்டன. டொபி நின்றது, சில்லறைக் காசு வங்கியிலிருந்து வந்தது. எட்டு மாதங்களில் 31 குடும்பங்களில் 14 திரும்பி வந்தன. விற்பனை பழைய உச்சத்தைத் தொடவில்லை. ஆனால் கட்டடம் வாடகைக்குப் போகவில்லை, கட்டார்ப் பயணப் பேச்சும் நின்றுவிட்டது. 60,000 ரூபா செலவாகவுமில்லை.

உங்கள் கடைக்கும் இதே காரணங்கள்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில் விலையே முதற்காரணமாக இருக்கலாம். வாகனம் நிறுத்த இடமில்லாதது காரணமாக இருக்கலாம். அது என்னவென்று உங்களுக்குச் சொல்லக்கூடியவர்கள், வராமல் விட்ட வாடிக்கையாளர்கள் மட்டும்தான். ஆகவே இந்த வாரம் ஒரு கொப்பி வாங்குங்கள். காசுக்கு வாங்குகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் யார் வரவில்லை என்று ஒரு தரம் பாருங்கள். புதிதாக வந்தவரிடம் "எங்கட கடையை யார் சொன்னது?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்த பின்னரும் நோட்டீஸ் தேவை என்று பட்டால் அடியுங்கள். அதில் என்ன எழுதுவது, எந்தத் தெருவில் கொடுப்பது என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.